திக்கிப் பேசும் பிள்ளைக்குக் கேட்கத் தெரிந்தவர் வேண்டும்

நமது அறநிலையத்தின் ஆண்டு மலருக்கு ஆலய வரலாறு, திருவிழாக் குறிப்பு என்று ஏதேனும் ஒன்றை எழுதித் தருவது என் வழக்கம். இவ்வாண்டு செயலவை அன்பர்களின் இசைவோடு வேறொரு பொருளை எடுத்துக் கொண்டிருக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு தாய் கேட்ட கேள்வியாகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடைபெறும் நமது தேவார வகுப்புக்கு ஏழு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். பதிகத்தை எடுத்தால் ஓரிடத்திலும் தடங்கல் இராது. பண் பிசகாமல் பாடி முடிப்பான். ஆனால் "உன் பெயர் என்ன தம்பி?" என்று கேட்டுவிட்டால் முதல் எழுத்திலேயே நின்று விடுவான். கண்ணை இறுக மூடி, தலையை ஒரு பக்கம் வெட்டி, சில விநாடிகள் போராடிய பிறகுதான் பெயர் வெளியே வரும். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவன் தாயார் என்னிடம் வந்து, "சார், பாடும்போது வராத திக்கு பேசும்போது மட்டும் ஏன் சார் வருது? இவன் வேணும்னே பண்றான்னு வீட்டுல சொல்றாங்க" என்று கேட்டார்.

முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்தத் தாய்க்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. வெட்கத்தோடு வீடு திரும்பி, அன்று முதல் இது குறித்துப் படிக்கத் தொடங்கினேன். பேச்சுச் சிகிச்சைத் துறையில் பயின்ற இளையோர் சிலரையும் சந்தித்துக் கேட்டறிந்தேன். அறிந்தவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு முன் என் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

1986ஆம் ஆண்டு. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஓர் இரப்பர் தோட்டப் பள்ளியில் நான் இளம் ஆசிரியன். நான்காம் ஆண்டில் ஒரு மாணவன் இருந்தான். தாயும் தந்தையும் பால்வெட்டுத் தொழிலாளர்கள். கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் வாய்விட்டு வாசிக்கும் முறை வந்தால், "க... க... க..." என்று தொடங்கிய சொல் முடியவே முடியாது. வகுப்பு சிரித்தது. சிரித்தவர்களைக் கண்டித்தேன். அவனிடம், "பரவாயில்லை, நீ உட்கார்" என்று பரிவோடு சொல்லி, அடுத்த பையனை வாசிக்கச் சொன்னேன். அன்று முதல் அவன் முறை வரும்போதெல்லாம் அவனைத் தாண்டிச் சென்றேன். ஆண்டிறுதியில், அடுத்த வகுப்பாசிரியரிடமும், "அவனை வாசிக்கச் சொல்ல வேண்டாம், பாவம்" என்று சொல்லி அனுப்பினேன். அது கருணை என்றே நான் நம்பினேன். அதன் விளைவைப் பின்னர் சொல்கிறேன்.

திக்குவாய் என்பது யாது?

திக்குவாய் பொதுவாக இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையே தலைகாட்டுகிறது. நேற்று வரை நன்றாகப் பேசிய பிள்ளை இன்று திக்கத் தொடங்குவதும் உண்டு. அது மூன்று வடிவங்களில் வெளிப்படும். ஒன்று, ஒலியையோ அசையையோ திரும்பத் திரும்பச் சொல்லல்: "ப-ப-ப-பள்ளிக்கூடம்." இரண்டு, ஒலியை இழுத்தல்: "ம்ம்ம்மாமா." மூன்று, அடைப்பு: வாய் சொல்லுக்குத் தயாராக இருக்கும், ஆனால் ஒலி எழும்பாது. நம் தேவார வகுப்புப் பையனுக்கு வருவது இந்த மூன்றாவது வகை. கண்ணை மூடுவதும், தலையை வெட்டுவதும், காலைத் தட்டுவதும் அடைப்பிலிருந்து தப்பிக்க உடம்பு தானாகக் கற்றுக் கொண்ட உபாயங்கள்.

குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர் முதல் பதினொருவர் வரை ஏதோ ஒரு காலத்தில் திக்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களில் நான்கில் மூவருக்கு அது தானாகவே மறைந்து விடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு அது நிலைத்து நிற்கிறது. சிறு வயதில் ஆண், பெண் இருபாலார்க்கும் பெரிய வேறுபாடில்லாமல் தொடங்கினாலும், பெண் பிள்ளைகளிடம் அதிகமாக மறைவதால், வளர்ந்தவர்களில் நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற கணக்கில் நிற்கிறது. மொழி, இனம், சமயம் எதுவும் இதற்கு விலக்கில்லை.

திக்கலோடு சேர்த்து, சரளக் குறைபாடு என்ற தலைப்பில் வேறு சிலவற்றையும் சிகிச்சையாளர்கள் படிக்கிறார்கள். மிக வேகமாகவும் தாறுமாறாகவும் பேசிச் சொற்களை விழுங்கிவிடும் குழறல் ஒன்று. பக்கவாதத்துக்குப் பின் பெரியவர்களுக்குப் புதிதாக வரும் திக்கல் மற்றொன்று. இக்கட்டுரையில் பிள்ளைகளின் திக்கலை மட்டுமே எடுத்துக் கொள்கிறேன்.

பழைய எண்ணங்களும் பட்ட பாடும்

நாக்குத் தடித்திருப்பதால் திக்குகிறது என்று நம் பாட்டிமார்கள் வசம்பை உரைத்து நாக்கில் தடவினார்கள். வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசச் சொன்னவர்களும் உண்டு. நம்மவர் மட்டுமே இப்படி என்று எண்ண வேண்டாம். ஜெர்மனியின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் டிஃபன்பாக் 1841ஆம் ஆண்டில், திக்குவாயைத் தீர்ப்பதாகக் கருதி நோயாளிகளின் நாக்கையே வெட்டிச் சிகிச்சை செய்தார். நாக்குக்கும் திக்குவாய்க்கும் தொடர்பில்லை.

பயந்ததால் வந்தது, அடுத்த வீட்டுப் பையனைப் பார்த்துப் பழகியதால் வந்தது, பெற்றோர் திட்டியதால் வந்தது என்ற எண்ணங்களும் சரியல்ல. திக்கல் பெரும்பாலும் குடும்ப வழியாக வருகிறது. பாகிஸ்தானியக் குடும்பங்களில் தொடங்கிய ஆய்வொன்றின் பயனாக, அதனோடு தொடர்புடைய மரபணுக்கள் சிலவற்றை அமெரிக்க அறிவியலாளர்கள் 2010ஆம் ஆண்டில் அறிவித்தனர். பேச்சுக்குரிய மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளில் சிறு வேறுபாடு இருப்பதையும் மூளைப் படங்கள் காட்டியுள்ளன. ஆகவே, "வேணும்னே பண்றான்" என்பது அப்பிள்ளைக்குச் செய்யும் அநியாயமாகும்.

இங்கே ஒரு கசப்பான வரலாற்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன் என்ற பேராசிரியர் இருந்தார். தாமே திக்குவாய் உடையவர். பெற்றோர் குறை சொல்வதால்தான் திக்கல் உண்டாகிறது என்பது அவர் கொள்கை. அதைச் சோதிக்க 1939ஆம் ஆண்டில் அவருடைய மாணவி மேரி டியூடர் அனாதை இல்லக் குழந்தைகள் 22 பேரைத் தேர்ந்தெடுத்தார். அவர்களில் நன்றாகப் பேசிய சிலரிடம், "நீ திக்குகிறாய், சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாதே" என்று தொடர்ந்து சொல்லப்பட்டது. அக்குழந்தைகள் உண்மையான திக்குவாயர்களாக மாறியதாக நிறுவப்படவில்லை. ஆனால் அவர்களிற் பலர் வாய்திறக்க அஞ்சி ஒடுங்கிப் போயினர். இச்செய்தி உலகறிய வெளிவந்து பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001ஆம் ஆண்டில்தான்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாதெனில், பிறர் சொல்லால் திக்கல் பிறப்பதில்லை என்றாலும், பிறர் சொல்லால் ஒரு பிள்ளையின் வாய் மூடிப் போக முடியும் என்பதே.

பாட்டில் ஏன் வருவதில்லை?

தாயார் கேட்ட கேள்விக்கு வருவோம். பாடும்போதும், பலரோடு ஒன்றாகச் சேர்ந்து சொல்லும்போதும், திக்குவோர்க்குப் பெரும்பாலும் திக்கல் மறைந்து விடுகிறது. உரையாடலில் என்ன சொல்வது, எந்தச் சொல்லை எடுப்பது, எப்போது தொடங்குவது என்பதையெல்லாம் மூளையே நொடிப்பொழுதில் தீர்மானிக்க வேண்டும். பாட்டில் சொற்கள் முன்பே மனப்பாடம். தாளமும் பண்ணும் காலக்கணக்கை வெளியிலிருந்து தந்து விடுகின்றன. குரலும் நீண்டு தொடர்ந்து ஒலிக்கிறது. இவையெல்லாம் சேர்ந்து பளுவைக் குறைக்கின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

அப்படியானால் தேவாரம் பாடினால் திக்குவாய் தீர்ந்துவிடுமா? பாட்டில் கிடைக்கும் சரளம் பேச்சுக்குத் தானாக மாறி வருவதில்லை என்பதே உண்மை. ஆயினும், தன் குரல் தடையின்றி ஒலிப்பதை ஊரார் முன்னிலையில் கேட்கும் வாய்ப்பு அப்பிள்ளைக்குப் பெரிது. அதை யாரும் நிறுத்திவிட வேண்டாம்.

சிகிச்சையாளர் என்ன படிக்கிறார்?

பேச்சுச் சிகிச்சையாளர் என்றவுடன் வாய்ப்பயிற்சி சொல்லித் தருபவர் என்றே நான் நினைத்திருந்தேன். அவர்கள் முதலில் கற்பது கேட்பதற்குத்தான்.

எல்லாத் தடங்கலும் திக்கல் அல்ல. "அது வந்து... அப்புறம்... நான் நேத்து, நான் நேத்து கடைக்குப் போனேன்" என்று எல்லாரும் தடுமாறுகிறோம். இது சாதாரணத் தயக்கம். சொல்லுக்குள்ளேயே ஒலி உடைவதும், இழுபடுவதும், அடைபடுவதும் திக்கல். மாணவர்கள் பிள்ளைகளின் பேச்சைப் படக்காட்சியாகப் பதிவு செய்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, எது தயக்கம், எது திக்கல் என்று ஒவ்வோர் அசையாகக் குறிக்கிறார்கள். ஒரே பதிவை இருவர் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கணக்கு ஒத்து வரும் வரை பயிற்சி தொடர்கிறது.

குறைந்தது 300 அசை கொண்ட பேச்சை எடுத்துக் கொள்வது வழக்கம். அதில் 24 அசைகளில் திக்கல் இருந்தால் நூற்றுக்கு 8 என்று பொருள். "ப-ப-ப-பள்ளிக்கூடம்" என்று நான்கு முறை தொடங்கினாலும் அது ஒரு திக்கல்தான். அதோடு, நீண்ட மூன்று திக்கல்கள் எத்தனை விநாடி நீடித்தன, முகத்திலும் உடம்பிலும் என்ன அசைவுகள் தெரிந்தன என்பதையும் சேர்த்து மதிப்பிட ஒரு கருவி உண்டு. கிளிண்டன் ரைலி என்ற அமெரிக்கர் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்த அளவுகோல், பின்னர் திருத்தப்பட்ட பதிப்புகளோடு இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது.

இந்தக் கணக்கைக் கேட்டதும் எனக்கு நம் யாப்பிலக்கணம் நினைவுக்கு வந்தது. அபிராமி அந்தாதியின் யாப்பான கட்டளைக் கலித்துறையில், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து என்று, புள்ளி எழுத்தாகிய ஒற்றை நீக்கி எண்ணுகிறோம் அல்லவா? சிகிச்சையாளர் எண்ணும் அசையும் ஏறக்குறைய அதுவே. "பள்ளிக்கூடம்" என்பதில் மூன்று ஒற்றையும் நீக்கினால் நான்கு. "தேங்காய்" என்றால் இரண்டு. பேச்சு வழக்கில் உயிர்கள் மறைவதும் தோன்றுவதும் உண்டு என்பதால் காதால் கேட்டே எண்ண வேண்டும் என்றாலும், தமிழ் எழுதத் தெரிந்தவருக்கு இந்தக் கணக்கு எளிதில் கைவரும். இதைச் சொன்னபோது ஓர் இளம் சிகிச்சையாளர் வியந்து, தம் குறிப்பேட்டில் எழுதிக் கொண்டார்.

எண்ணிக்கையோடு வேலை முடிந்து விடுவதில்லை. தாமே திக்குவாய் உடையவராக இருந்த ஜோசப் ஷீஹன் என்ற உளவியலாளர், திக்கலைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். காதில் விழுவது மேலே தெரியும் சிறு பகுதி. அச்சமும் வெட்கமும் நீருக்கு அடியில் இருக்கும் பெரும் பகுதி. சொல்ல வேண்டிய சொல்லை விட்டு வேறு சொல்லுக்குத் தாவுவதும், விடை தெரிந்தும் தெரியாது என்று சொல்லி அமர்வதும் அங்கேதான் உள்ளன. ஒரு பிள்ளை திக்கவே இல்லை என்றால் நலமாக இருக்கிறான் என்றும் பொருள் கொள்ளலாம். பேசுவதையே விட்டுவிட்டான் என்றும் பொருள் கொள்ளலாம். இதைக் கண்டறியும் கேள்விகளையும் மாணவர்கள் கற்கிறார்கள்.

இன்னொரு பயிற்சி என்னைப் பெரிதும் கவர்ந்தது. பல பல்கலைக்கழகங்களில், மாணவர்கள் கடைக்குச் சென்றோ தொலைபேசியில் அழைத்தோ வேண்டுமென்றே திக்கிப் பேசிவிட்டு வர வேண்டும். அப்படிச் சென்ற ஒரு பெண் என்னிடம் சொன்னார்: "சார், முதல் ரெண்டு கடையில வாயே வரல, வெளிய வந்துட்டேன். மூணாவது கடையில கோப்பி கேட்டேன். கடைக்காரர் என் மூஞ்சியப் பாக்காம பக்கத்துல உள்ளவரப் பாத்தாரு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல." ஐந்து நிமிடம் நடித்தவருக்கே இப்படியென்றால், நாள்தோறும் அதைச் சுமக்கும் பிள்ளையின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழ்ப்பிள்ளையைத் தமிழிலும் கேட்க வேண்டும்

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். ஒரு மொழியில் சொல் கிடைக்காமல் தடுமாறுவதைத் திக்கல் என்று தவறாகக் கணித்துவிட வாய்ப்புண்டு. அமெரிக்காவில் ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள், ஒரே மொழி பேசும் பிள்ளைகளுக்கு வகுத்த அளவுகோலை அப்படியே பயன்படுத்தினால், திக்காத பிள்ளையும் திக்குவதாகத் தோன்றும் என்று 2015ஆம் ஆண்டில் எச்சரித்தார்கள். மறுபுறம், உண்மையாகவே திக்கும் பிள்ளையை, "மலாய் சரியாக வரவில்லை, பழகினால் போகும்" என்று சொல்லி அனுப்பிவிடவும் கூடும்.

எனவே, பிள்ளை பேசும் எல்லா மொழிகளிலும் பேசவிட்டுக் கேட்பதே முறையான மதிப்பீடு. சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தாயோ தந்தையோ உடனிருந்து உதவலாம். ஆயினும், தாய்மொழியில் நேராகக் கேட்கத் தெரிந்தவர் இருப்பதற்கு அது ஈடாகாது.

சிகிச்சை எப்படி நடைபெறுகிறது?

பள்ளி செல்லும் முன் உள்ள பருவமே சிகிச்சைக்கு ஏற்ற காலம். நான்கில் மூவருக்குத் தானாக மறையும் என்றால் காத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். யாருக்கு மறையும், யாருக்கு நிலைக்கும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. குடும்பத்தில் திக்குவாய் நீடித்தவர் இருத்தல், ஆண் பிள்ளையாக இருத்தல், மூன்றரை வயதுக்குப் பின் தொடங்கியிருத்தல், ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு மேல் நீடித்தல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். இவற்றில் எதுவும் இருந்தால் காத்திராமல் சிகிச்சையாளரிடம் காட்டுவதே நன்று.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், லிட்கம் என்ற இடத்தின் பெயரால் வழங்கும் முறை ஒன்று உள்ளது. மார்க் ஆன்ஸ்லோவும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய இம்முறையில் சிகிச்சை தருபவர் பெற்றோரே. அவர்களைப் பயிற்றுவிப்பது சிகிச்சையாளரின் பணி. நாள்தோறும் பத்து, பதினைந்து நிமிடம் பிள்ளையோடு விளையாடிப் பேச வேண்டும். தடங்கலின்றிப் பேசியவுடன், "இப்போ தடங்கலே இல்லாம சொன்னே, கேக்க நல்லா இருந்துச்சு" என்று பாராட்ட வேண்டும். திக்கலைச் சுட்டுவது மிக அரிதாகவும் மென்மையாகவும் மட்டுமே இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் திக்கலின் அளவுக்கு ஓர் எண் இட்டு, வாரம் ஒருமுறை சிகிச்சையாளரிடம் காட்ட வேண்டும். இதைச் சிகிச்சையாளரின் மேற்பார்வையின்றி வீட்டில் தாமாகச் செய்து பார்ப்பது தகாது.

நியூசிலாந்தில் 54 குழந்தைகளைக் கொண்டு இம்முறை சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2005ஆம் ஆண்டில் வெளியாயின. ஒன்பது மாதத்துக்குப் பின், இச்சிகிச்சை பெற்றவர்களிடம் திக்கிய அசை சராசரியாக நூற்றுக்கு 1.5 என்றும், பெறாதவர்களிடம் 3.9 என்றும் இருந்தன. நெதர்லாந்தில் 199 குழந்தைகளிடம் இம்முறையையும், பிள்ளை மேல் விழும் பேச்சுப் பளுவைக் குறைக்கும் மற்றொரு முறையையும் ஒப்பிட்டு 2015ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பதினெட்டு மாத முடிவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. நம் மலேசியக் குடும்பங்கள் நான்கில் லிட்கம் முறையைக் கையாண்ட ஆய்வு 2016ஆம் ஆண்டில் அனைத்துலக ஆய்விதழில் வெளிவந்தது. இங்கும் அதைச் செய்து பார்க்க இயலும் என்பதற்கு அது சான்றாகும்.

பள்ளிப் பருவத்தைத் தாண்டினால் முற்றிலும் தீர்ப்பது கடினம். அப்போது இலக்கு மாறுகிறது. தாமும் திக்குவாய் உடையவராக இருந்த சார்லஸ் வான் ரைப்பர் (1905–1994) வகுத்த வழிகள் இன்றும் கற்பிக்கப்படுகின்றன. திக்கிய சொல்லை முடித்து, சற்று நிறுத்தி, அதே சொல்லை இலகுவாக மீண்டும் சொல்வது முதல் படி. அடைப்பின் நடுவிலேயே இறுக்கத்தைத் தளர்த்தி வெளியே வருவது அடுத்த படி. சொல் வருமுன்பே தயாராவது மூன்றாம் படி. இவற்றோடு, திக்கினாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் துணிவை வளர்ப்பதே சிகிச்சையின் உயிர்நாடி.

இத்தொழிலை எங்கே கற்கலாம்?

நான் அந்த மாணவனை உட்காரச் சொன்ன 1986ஆம் ஆண்டில், நம் நாட்டில் இத்துறைக்குப் பட்டப்படிப்பே இல்லை. வெளிநாட்டில் படித்து வந்த மிகச் சிலரே பணியாற்றினார்கள். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995ஆம் ஆண்டில்தான் பேச்சு அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. நான்காண்டுப் படிப்பு அது. கோலாலம்பூர் வளாகத்தில் மாணவர்கள் பயிலும் சிகிச்சையகமும் உண்டு. பின்னர் கிளந்தான் குபாங் கிரியானில் உள்ள அறிவியல் பல்கலைக்கழக வளாகத்திலும், குவாந்தானில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்திலும் இப்படிப்பு வந்தது. தமிழகத்தில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனமும், கர்நாடகத்தில் 1965ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மைசூர் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும் பெயர் பெற்றவை. இலங்கையில் களனிப் பல்கலைக்கழகம் இத்துறையில் பட்டம் வழங்குகிறது. வெளிநாடு செல்வோர், அப்பட்டம் இங்கே ஏற்கப்படுமா என்று முன்கூட்டியே விசாரிப்பது அவசியம். 2016ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் 2020ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பின், பேச்சுச் சிகிச்சையாளராகப் பணிபுரியப் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

பட்டம் பெற்றவுடன் திக்குவாய்ச் சிகிச்சையில் தேர்ச்சி வந்துவிடுவதில்லை. பேசத் தாமதமாகும் பிள்ளைகள், காது கேளாதோர், பக்கவாத நோயாளிகள், விழுங்க முடியாதவர்கள் என்று இவர்கள் கவனிக்க வேண்டியோர் பலர். அமெரிக்காவிலேயே 1993ஆம் ஆண்டு விதிமாற்றத்தின்படி, திக்குவோரிடம் நேரடிப் பயிற்சி பெறாமலும் தகுதிச் சான்று பெற முடிந்தது. திக்குவாய் என்றால் தமக்குத் துணிவு குறைவு என்று சிகிச்சையாளர்கள் பலர் ஆய்வுகளில் ஒப்புக் கொண்டுள்ளனர். ஆகையால் பட்டத்துக்குப் பின் தனிப்பயிற்சி தேவைப்படுகிறது. லண்டனில் 1993ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மைக்கேல் பேலின் நிலையம், பிள்ளைகளுக்குச் சிகிச்சை தருவதோடு, பிற சிகிச்சையாளர்களுக்குப் பயிற்சியும் அளித்து வருகிறது.

நாம் செய்யக் கூடியவை

ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூர் முருகன் அருளால் வாய் திறந்தார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நேர்த்திக்கடன் வைப்போர் வைக்கட்டும். அதோடு, அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் சென்று, பெரிய மருத்துவமனையின் பேச்சுச் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் கேட்டுப் பெறவும் தயங்க வேண்டாம். முறை வரக் காத்திருக்க நேரிடலாம். ஆதலால் சீக்கிரமே பெயர் பதிவது நல்லது.

வீட்டிலும் பள்ளியிலும், திக்கும் பிள்ளை பேசும்போது முகத்தைப் பார்த்துப் பொறுமையாகக் கேளுங்கள். அவன் சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். "மெதுவாப் பேசு", "மூச்ச இழுத்து விட்டுப் பேசு" என்று சொல்லாமல், நீங்களே சற்று மெதுவாகப் பேசுங்கள். "காகாப்" என்றும் "திக்குவாயன்" என்றும் யாரும் கேலி செய்ய இடம் தராதீர்கள். ஆசிரியராக இருந்தால், எப்படி வாசிக்க விருப்பம் என்று அவனைத் தனியே கேளுங்கள். மற்றொரு மாணவனோடு சேர்ந்து வாசிக்க வைத்தால் பெரும்பாலும் திக்கல் குறையும். எப்படியாயினும் அவன் முறையை அவனுக்குக் கொடுங்கள்.

செயலவைக்கும் ஒரு வேண்டுகோள். நமது கல்வி நிதியில் ஆண்டுதோறும் பல துறை மாணவர்களுக்கு உதவுகிறோம். தமிழ்ப்பள்ளியில் படித்து, அறிவியல் பிரிவில் தேறி, பேச்சுச் சிகிச்சை படிக்க முன்வரும் ஒரு மாணவருக்கேனும் அதில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். தோட்டங்களை விட்டு ஈப்போ, புந்தோங், சுங்கை சிப்புட், செம்மோர் என்று குடிபெயர்ந்த நம் குடும்பங்களின் பிள்ளைகளைத் தமிழில் கேட்பதற்கு ஒருவர் கிடைப்பார்.

இனி, நான் சொல்லாமல் விட்ட செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் புந்தோங்கில் ஒரு திருமண வீட்டில், நரை தட்டிய ஒருவர் என்னை வணங்கி நின்றார். அந்த மாணவன்தான். லாரி ஓட்டுகிறார், பிள்ளைகள் படிக்கிறார்கள். திக்கல் இன்னும் இருக்கிறது. நான் காத்திருந்தேன். அவர் சொல்லி முடித்தார்:

"சார், அன்னிக்கு நீங்க என்னை உட்காரச் சொன்னீங்க. நல்ல மனசோடதான் சொன்னீங்க, எனக்குத் தெரியும். ஆனா அதுக்கப்புறம் எந்தப் பள்ளியிலயும் என்னை யாரும் எழுந்திரிக்கச் சொல்லல சார்."

அவர் குரலில் குறை இல்லை. அதுவே என்னை அதிகம் சுட்டது.

நம் தேவார வகுப்புப் பையன் இப்போது சிகிச்சைக்குப் போய் வருகிறான். போன வாரம் வகுப்பில், பாடப் போகும் பதிகத்தின் தலம் எது என்று கேட்டேன். கை தூக்கினான். நெடுநேரம் ஆயிற்று. வகுப்பு முழுவதும் காத்திருந்தது. திருவாரூர் என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் அமர்ந்தான்.